கோடரியும் கலாசாலையும்

ஒரே காரியத்தை இருவர் செய்கின்றனர். ஒருவன் வியர்வை சொட்டச் சொட்ட ஒரு மரத்துண்டைக் கோடரியால் இரண்டாக்குகிறான். அவனை உலகம் கூலிக்காரன் என்கிறது. மற்றொருவன் அதே மரத்துண்டை, அதே கோடரியால், அதே வியர்வையுடன் இரண்டாக்குகிறான், அவனைச் சுற்றி நின்று மக்கள் கைகொட்டுகின்றனர், பரிசு அளிக்கின்றனர், அவன் பயிலும் கலாசாலை அவன் வெற்றியைத் தன் சரித்திரத்தில் எழுதி வைக்கிறது. காரியம் ஒன்றாயிருக்க, மதிப்பு இரண்டானது ஏன்? உழைப்பின் உயர்வும் தாழ்வும் உழைப்பிலேயே உள்ளனவா? அன்றி உழைப்பவனுடைய நிலையில் உள்ளனவா? உடலுழைப்பால் வாழ்வு பெற்றும், உடலுழைப்பைக் கண்டு நாணப் பழகிவிட்ட ஒரு சமூகம் இவ்வினாவை எத்தனை முறை கேட்டுக்கொண்டாலும் தகும்.

இதனை வெறும் சொல்லளவில் ஆராய்வதைவிட ஓர் உண்மைச் சரித்திரத்தை முன்வைத்து ஆராய்வதே நலம். அதற்காக நேயர்களை நாம் வெகு தூரம் அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குப் பகுதியில் நியூஹாம்ஷயர் என்னும் மாநிலம் உள்ளது. அதன் மேற்கெல்லையாக ஓடும் கனெக்டிகட் நதியின் கரையில் ஹானோவர் என்னும் சிற்றூர். அவ்வூரில் இருப்பது 1769-ம் ஆண்டில் நிறுவப்பெற்ற டார்ட்மத் கலாசாலை. அந்நாட்டின் பழைய கலாசாலைகளுள் ஒன்று. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பலர் நாடிச் செல்வது. கால்பந்துக்கும் ஓட்டத்துக்கும் அணிகள் வைத்திருக்கும் அக்கலாசாலையில் மரம் வெட்டுவதற்கும் மாணவர் அணி ஒன்று உண்டு. மரம் வெட்ட ஓர் அணியா என்று வியப்போர் வியக்கட்டும். அவ்வணியின் கதையில்தான் நாம் தேடும் விடை இருக்கிறது.

நியூஹாம்ஷயர் காடு நிறைந்த நாடு. 1807-ம் ஆண்டில் அம்மாநிலச் சட்டசபை, தன் வடகோடியில் ஏறக்குறைய 27,000 ஏக்கர் காட்டை இக்கலாசாலைக்கு மானியமாக வழங்கியது. மாநிலத்து ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு அதன் வருமானம் துணையாக வேண்டும் என்பது நோக்கம். காட்டின் வருமானமென்றால் மரம் விற்ற வருமானந்தான். மரம் தானாக விழுந்து, தானாக ஆற்றைச் சேர்ந்து, தானாகப் பணமாகி மாணவனுடைய புத்தகமாவதில்லை. இடையே ஒரு மனிதன் நிற்கிறான். அவன் கையில் ஒரு கோடரி இருக்கிறது. கலாசாலை மண்டபத்தில் அமர்ந்து படித்தவர்களுள் எத்தனை பேர் அவனை நினைத்தனரோ! நினையாவிடினும் கடன் கடனே.

அவனுடைய வாழ்க்கை எத்தகையது? பனிக்காலம் முழுவதும் நடுக்காட்டுக் கொட்டகையில் அவன் வாழ்ந்தான். விடியுமுன் எழுந்து, முழங்கால் புதையும் பனியில் நின்று மரத்தை வீழ்த்தினான். வீழ்ந்த மரங்களைக் குதிரைகள் பூட்டிய சறுக்கு வண்டிகளில் ஏற்றி, உறைபனி பாவிய பாதை வழியே ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து அடுக்கினான். வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகியதும் மரங்களை வெள்ளத்தில் தள்ளி, ஆணி அறைந்த காலணியுடன் அம்மிதக்கும் மரங்களின்மேல் நடந்து, ஓரிடத்தும் தேங்கி நில்லாதபடி கழியால் தள்ளித் தள்ளி ஆலைகளுக்குச் செலுத்தினான். கால் தவறினால் குளிர்ந்த வெள்ளம், மேலே மரங்கள். ஒடிந்து கிளைகளில் சிக்கித் தொங்கி, எதிர்பாராத வேளையில் தலைமேல் விழும் கொம்புக்கு அம்மரவெட்டிகள் இட்ட பெயர் 'விதவையாக்கி' என்பது. இந்த ஒரு பெயரே அத்தொழிலின் சரித்திரத்தை நமக்குச் சொல்லும். கனெக்டிகட் நதியில் நெடுமரங்களை மிதக்கவிட்ட கடைசிப் பயணம் 1915-ம் ஆண்டில் நடந்தது. அதுவரை கலாசாலை இருக்கும் ஊரை ஒட்டியே அம்மரங்கள் மிதந்து சென்றன.

இவ்வுழைப்பு எப்படிக் கலாசாலைக்குள் புகுந்தது என்று பார்ப்போம். 1909-ம் ஆண்டில் டார்ட்மத் மாணவர்கள் மலையேறவும் பனியில் சறுக்கி விளையாடவும் ஒரு வெளியுலாச் சங்கத்தை ஏற்படுத்தினர். காடு மாணவனுக்கு இன்பப் பொருளாயிற்று. காட்டில் இன்புறப் போகிறவனுக்கும் தீ மூட்டத் தெரிய வேண்டும். விறகு பிளக்கத் தெரிய வேண்டும். படகு செலுத்தத் தெரிய வேண்டும். இவற்றைக் கற்றுக்கொடுக்கும் ஆற்றல் எந்தப் பேராசிரியரிடமும் இல்லை. ஆகவே ராஸ் மெக்கென்னி என்பவர் காட்டுக்கலை ஆலோசகராக அமர்த்தப்பட்டார். அவர் அண்டை மாநிலமாகிய மேய்னில் காட்டு வழிகாட்டியாக இருந்தவர். காட்டையே பள்ளிக்கூடமாகக் கொண்டவர். அவர் முயற்சியால் 1947-ம் ஆண்டில் பல கலாசாலை மாணவர்கள் கூடிக் காட்டுத் தொழில்களில் போட்டியிடும் விழா ஒன்று முதன்முதலாக ஹானோவரில் நடைபெற்றது. 'மரவெட்டிகள் வாரஇறுதி' என்று அதற்குப் பெயரிட்டனர். பின்னர் அவ்விழா கலாசாலைக்குக் கலாசாலை மாறி நடைபெறும் வழக்கமாயிற்று. எல்லைக்கு வடக்கே கனடாவின் கலாசாலைகளிலும் இத்தகைய அணிகள் வளர்ந்தன. டார்ட்மத்தில் பெண்கள் மாணவராகச் சேர்க்கப்பட்டது 1972-ம் ஆண்டில். அதன்பின் பெண்களும் கோடரி ஏந்தினர். ஆணும் பெண்ணும் ஒரே ரம்பத்தின் இரு முனைகளைப் பற்றி அறுக்கும் போட்டியும் இவ்விழாக்களில் உண்டு.

இப்போட்டிகளில் வெறும் உடல்வலிமைதான் வெல்லும் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. ஒரு போட்டியில் வீரன் படுத்திருக்கும் மரத்துண்டின்மேல் ஏறி நின்று, தன் இரு பாதங்களுக்கும் இடையே கோடரியை ஓச்சுகிறான். ஒரு பக்கம் பாதியளவு வெட்டியதும் திரும்பி நின்று மறுபக்கம் வெட்டுகிறான். வெட்டின் சாய்வு மிகுந்தால் நேரம் வீணாகும். குறைந்தால் கோடரி மரத்தில் சிக்கும். மற்றொரு போட்டியில் செங்குத்தான மரத்தில் ஒரு குழி வெட்டி, அதில் பலகை செருகி, அதன்மேல் ஏறி நின்று மேலும் ஒரு குழி வெட்டி உயர்ந்து செல்ல வேண்டும். அடிமரம் பருத்துக் கிடந்த பெருமரங்களை வெட்ட அக்காலத் தொழிலாளர் கண்ட உபாயம் அது. இருவர் ரம்பத்தின் பற்களைக் கூர்ந்து நோக்கினால், சில பற்கள் நாரை வெட்டவும், வேறு சில வெட்டுண்ட தூளை வாரி வெளியேற்றவும் அமைந்திருத்தல் புலப்படும். அப்பற்களை அரத்தால் தீட்டும் வித்தை ஒரு நாளில் வருவதன்று. ரம்பத்தை இழுக்க வேண்டுமேயன்றித் தள்ளலாகாது. தள்ளினால் தகடு வளையும். ஒருவன் இழுக்கும்போது மற்றவன் தன் கையைத் தளரவிட வேண்டும். இவையெல்லாம் ஏட்டில் எழுதப்படாத அறிவு. தலைமுறை தலைமுறையாகக் கூலிக்காரன் என்று இகழப்பட்டவனுடைய கையில் இருந்த அறிவு. பட்டதாரி மாணவன் அதைக் கற்கப் புகுந்தபோதுதான் அதன் அருமை உலகுக்கு விளங்கிற்று.

இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். மாணவர் விழா தொடங்கிய அதே 1947-ம் ஆண்டில்தான் அந்நாட்டின் மேற்குக் கோடியில் உள்ள ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்பவர் புதுவகை ரம்பச் சங்கிலி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். முந்திய ஆண்டில் அவர் விறகு பிளந்துகொண்டிருந்தபோது மரத்துண்டைக் குடைந்து செல்லும் வண்டுப்புழு ஒன்றைக் கண்டார். அப்புழு நாரின் போக்கிலும் நாருக்குக் குறுக்கிலும் ஒன்றுபோல் எளிதாக அரித்துச் செல்வதைக் கண்டு, அதன் தாடையின் அமைப்பையே இரும்பிற் செய்தார். அதன்பின் பொறியால் ஓடும் சங்கிலி ரம்பம் காடெங்கும் பரவிற்று. இருவர் கூடி நெடுநேரம் இழுத்து அறுத்த மரத்தை ஒருவன் சில நிமிடங்களில் வீழ்த்தலானான். இருவர் ரம்பம் கொட்டகைச் சுவரில் ஏறித் துருப்பிடித்தது. ஆக, காட்டில் கைரம்பத்தின் பிழைப்பு முடியத் தொடங்கிய ஆண்டும், கலாசாலையில் அது விளையாட்டாகப் பிறந்த ஆண்டும் ஒன்றே!

இது தற்செயலாக நேர்ந்த பொருத்தமெனினும் ஓர் உண்மையைச் சுட்டுகிறது. தொழில் வயிற்றை விட்டு விலகும்போதே அழகு பெறுகிறது. வேட்டையாடி உண்டவன் வேட்டையை விளையாட்டென்று சொல்லவில்லை. உணவுக்கு வேறு வழி கண்ட பின்னரே அரசர்க்கு அது பொழுதுபோக்காயிற்று. விஸ்கான்சின் மாநிலத்தில் ஹேவர்டு என்னும் ஊரில் 1960-ம் ஆண்டில் தொடங்கிய மரவெட்டிகள் உலகப் போட்டி நடைபெறும் குளம், முன்னே ஆலைக்குச் செல்லும் மரங்களைத் தேக்கி வைத்த குளமாகும். தொழிலாளி வழுக்கி விழுந்த அதே நீரின் கரையில் இன்று மக்கள் அமர்ந்து களிக்கின்றனர். மரம் வெட்டும் விளையாட்டுக்கென 1985-ம் ஆண்டில் பெரும் போட்டித் தொடர் ஒன்றை ஏற்படுத்தி, 2003-ம் ஆண்டில் கலாசாலை மாணவர்க்கும் அதில் தனிப் பிரிவு அமைத்த நிறுவனம் எது? சங்கிலி ரம்பம் செய்து விற்கும் ஸ்டீல் நிறுவனமே. கைக்கோடரியைக் காட்டைவிட்டு விரட்டிய இயந்திரத்தை விற்போரே அதற்கு அரங்கில் ஆசனமிட்டனர்.

ஆயினும் எல்லா விளையாட்டும் இறந்த தொழிலின் நினைவன்று. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த தாஸ்மேனியத் தீவில் 1870-ம் ஆண்டளவில் மரம் வெட்டிப் பிழைத்த இருவர், தம்முள் விரைவாக வெட்டுபவர் யார் என்று பந்தயம் கட்டியதே இவ்விளையாட்டின் தொடக்கம் என்பர். 1891-ம் ஆண்டில் அத்தீவின் லாட்ரோப் நகரில் உலகப் போட்டியே நடந்தது. அங்கே விளையாடியோர் தொழிலாளரே. தம் கைத்திறனில் தாமே பெருமை கொண்டு, கூலி நாள் போக மிஞ்சிய நாளில், தம்மவர் முன்னிலையில் அதைக் காட்டினர். மறுநாள் அதே கோடரியுடன் காட்டுக்குச் சென்றனர். உழைப்பாளிக்குத் தன் உழைப்பில் இன்பமே இல்லை என்று சொல்வோருக்கு இது தக்க மறுமொழியாகும்.

இனி, மூன்றாவதாக ஒரு காட்சியைக் காட்ட வேண்டும். டார்ட்மத் இருக்கும் அதே நியூஹாம்ஷயர் மாநிலத்தின் வடபகுதியில் ஸ்டார்க் என்னும் சிற்றூர் உள்ளது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஆடவர் பலர் படையிற் சேர்ந்துவிட்டமையால் காட்டில் வேலைக்கு ஆளில்லை. காகித ஆலைக்கு மரம் தேவை. 1944-ம் ஆண்டில் அவ்வூரில் ஒரு முகாம் அமைத்து, ஏறக்குறைய 250 ஜெர்மானிய யுத்தக் கைதிகளைக் கொணர்ந்து மரம் வெட்டச் செய்தனர். அவர்களுட் பலர் அதற்கு முன் கோடரி பிடித்தறியாதவர். காவலர் துப்பாக்கி ஏந்தி நிற்க, பனியில் நின்று வெட்டினர். 1946-ம் ஆண்டில் முகாம் மூடப்பட்டது. மறு ஆண்டில், அதே மாநிலத்தில், மாணவர் கூடிக் கோடரி வீசி மகிழ்ந்தனர்.

மூன்று மனிதர், ஒரே கோடரி. தொழிலாளிக்கு அது பிழைப்பு. கைதிக்கு அது தண்டம். மாணவனுக்கு அது விளையாட்டு. மரம் ஒன்றே, கூர்மை ஒன்றே, தோளில் ஏறும் நோவும் ஒன்றே. வேற்றுமை எங்கே இருக்கிறது? பலர், 'கூலி வாங்குவதால் தொழில், வாங்காமையால் விளையாட்டு' என்பர். அது பொருந்தாது, கைதிக்கும் சிறுகூலி தரப்பட்டது, விளையாட்டு வீரர்க்கும் பரிசுப் பணம் உண்டு. 'கடினமாயிருந்தால் தொழில், எளிதாயிருந்தால் விளையாட்டு' என்பாரும் உளர். அதுவும் பொருந்தாது, போட்டியில் மாணவன் சில கணத்துக்குள் செலவிடும் வலிமையைத் தொழிலாளி அவ்வளவு விரைவில் ஒருபோதும் செலவிடமாட்டான்.

நம் கருத்து இதுவே: வேற்றுமை கோடரியை எடுப்பதில் இல்லை, அதைக் கீழே வைப்பதில் இருக்கிறது. மாணவன் களைத்தால் கீழே வைப்பான், எவரும் கேளார், அன்றிரவு அவனுக்குச் சோறு உண்டு. தொழிலாளி கீழே வைத்தால் அவன் வீட்டில் உலை ஏறாது. கைதி கீழே வைத்தால் துப்பாக்கி பேசும். எவன் தன் கருவியைத் தன் விருப்பப்படி கீழே வைக்க வல்லவனோ அவனுக்கே உழைப்பு விளையாட்டாகிறது. எவனுக்கு அவ்வுரிமை இல்லையோ அவனுக்கு விளையாட்டும் தண்டமே. ஸ்டார்க் முகாமிலிருந்த கைதிகளுட் சிலர் 1986-ம் ஆண்டில் முதியவராகி, தம் விருப்பத்தால், விருந்தினராக அவ்வூருக்கு மீண்டும் வந்தனர். அதே காடு; அதே பாதை. வேண்டும்போது வந்து வேண்டும்போது போகலாம் என்றதும் சிறையும் சுற்றுலாவாயிற்று.

இவ்விடத்தில் இரு தடைகள் எழக்கூடும்.

முதலாவது: 'செல்வர் வீட்டுப் பிள்ளைகள் ஏழையின் தொழிலை எடுத்து விளையாடுவது ஏழையை ஏளனம் செய்வதாகாதா?' என்பது. இதில் உண்மை இல்லாமலில்லை. பசியறியாதவன் பட்டினியை நடித்துக் காட்டுவது நல்லதன்று. ஆனால் ஏளனத்துக்கும் மரியாதைக்கும் ஓர் உரைகல் உண்டு: கற்றவன் அத்தொழிலாளியைத் தனக்கு ஆசானாக ஏற்றானா என்பதே அது. டார்ட்மத்தில் ஒரு காட்டு வழிகாட்டி, பேராசிரியர்கள் நடமாடும் வளாகத்தில் ஆசானாக இருந்தார். மாணவர்கள் அவர் சொற்படி கோடரியைத் தீட்டினர். அவர் காட்டியபடி பாதம் ஊன்றினர். பிழைத்தால் திருத்த அவருக்கு அதிகாரம் இருந்தது. இதனை ஏளனமென்று சொல்ல இயலாது. நம் நாட்டு வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கருவி பிடிப்பவன் ஒரு பிறப்பு, ஏடு பிடிப்பவன் ஒரு பிறப்பு என்று வேலி கட்டி, ஏட்டுக்காரன் கருவிக்காரனிடம் ஒரு நாளும் மாணவனாகாதபடி காத்து வந்தோம். ஆதலால் கையின் அறிவு ஏட்டில் ஏறவில்லை. ஏட்டின் அறிவு கைக்கு இறங்கவில்லை. இரண்டும் தனித்தனியே வாடின.

இரண்டாவது: 'உழைப்பை விளையாட்டாக்கிப் புகழ்ந்துவிட்டோமே, உழைப்பாளிக்கு வேறென்ன வேண்டும்?' என்பது. இது முன்னதைவிடப் பெரிய மயக்கம். கைதட்டல் உலையில் வேகாது. அமெரிக்க அரசினர் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்குகளில் உயிர்ச்சேதம் மிகுந்த தொழில்களின் முன்வரிசையில் மரம் வெட்டும் தொழில் இடம்பெற்று வருகிறது. போட்டியில் மரத்துண்டின்மேல் நின்று வெட்டும் மாணவன், கோடரி தவறிக் காலில் பட்டாலும் ஊறு நேராதபடி இரும்புவளையங்கள் கோத்த காலுறை அணிந்து நிற்கிறான். மிக நன்று. ஆனால் விளையாடுபவன் காலுக்கு இரும்புறை தரும் உலகம், பிழைப்புக்காக வெட்டுபவன் காலை அதே கவலையுடன் பார்க்கிறதா? உழைப்பைப் புகழ்வது உழைப்பாளிக்குச் செய்ய வேண்டியவற்றைச் செய்யாமல் தப்பும் வழியாகிவிடலாகாது. தக்க கூலி, காயத்துக்கு மருந்து, நோயுற்ற நாளில் ஓய்வு, மூப்பில் ஆதரவு ஆகிய இவை இருந்தால் அவனும் தன் கோடரியைக் கீழே வைக்க வல்லவனாவான். அப்பொழுது அவனுக்கும் தன் தொழிலில் இன்பம் காண வழி பிறக்கும்.

இத்தனையும் எழுதிய பின் நம்மைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நாம் தோட்டத்து ஆபீசில் பேனா பிடிக்கும் கிராணி. ஆங்கிலத்தில் படித்தோம். சிறு வயதில் ஆசிரியர் தந்தையாரின் தொழிலைக் கேட்டபோது, 'தோட்டத்தில் உத்தியோகம்' என்று விடை சொன்னோம். விடியுமுன் தலைவிளக்குக் கட்டிக்கொண்டு சென்று பால்மரம் சீவுபவர் அவர் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அன்று நாம் கையிற் பிடித்திருந்த நோட்டுப் புத்தகம் அவர் வாங்கித் தந்தது. அதில் ரப்பர்ப் பாலின் வாடை அடித்தது. அந்த வாடையை மறைக்கப் புத்தகத்துக்கு உறை போட்டோம். இன்று எண்ணினால் நாணமாயிருக்கிறது. தந்தையாரின் தொழிலை எண்ணியன்று, நாம் சொன்ன விடையை எண்ணி.

அவர் செய்த வேலை எளிதானதா? பட்டையைச் சீவும் கத்தி ஒரு நூலளவு ஆழ்ந்தால் மரம் புண்படும். ஒரு நூலளவு குறைந்தால் பால் குறையும். மங்கிய வெளிச்சத்தில், மரம் மரமாக, நூற்றுக்கணக்கான முறை அந்த அளவு பிழையாமல் அவர் கை அறிந்திருந்தது. கோடரியின் சாய்வை அறிந்த மேய்ன் காட்டு மனிதனின் அறிவுக்கு இது எவ்வகையில் தாழ்ந்தது? அவரை ஆசானாக ஏற்று அருகில் நின்று கற்க நமக்குத் தோன்றவில்லை. அவர் காய்ச்சலிலும் கத்தியைக் கீழே வைக்கவில்லை, வைக்க இயலாதவராயிருந்தார். நாம் பேனா பிடித்தது அவர் கத்தியைக் கீழே வைக்காமையால்தான். டார்ட்மத் மாணவனுடைய புத்தகத்துக்கு வடகோடிக் காட்டு மரவெட்டி விலை கொடுத்தானென்றால், நம் புத்தகத்துக்கு விலை கொடுத்தவர் நம் வீட்டிலேயே இருந்தார்.

இன்று நம் தோட்டங்களில் செம்பனைக் குலை அறுக்கும் நீண்ட அரிவாளைப் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள் பிடிக்கின்றனர். காலைப் பெரட்டில் அவர்கள் பெயரை நாம் அழைக்கிறோம். நம்மவருட் சிலர் அவர்களைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அது நம் பாட்டனாரைப் பிறர் பார்த்த அதே பார்வை. இழிவை நாம் ஒழிக்கவில்லை. அடுத்தவன் தோளுக்கு மாற்றியிருக்கிறோம். உதிர்ந்து கிடக்கும் பழத்தைக் கண்டு, உயரத்தில் இருக்கும் குலையின் பருவத்தை ஒரே நோக்கில் மதிப்பிடும் அவர்களுடைய கண்ணில் உள்ள அறிவையும் நாம் கேட்டறிய முற்படவில்லை. செக்ரோலில் ஒரு கோடு போடுவதோடு நம் கடமை தீர்ந்ததென்று கருதுகிறோம்.

தோழர்களே! தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு நாம் கண்ட விடை இது. உழைப்பில் உயர்வு தாழ்வு இல்லை. தாழ்வு, ஒருவன் தன் கருவியைக் கீழே வைக்க முடியாதபடி அவனைக் கட்டி வைப்பதில் இருக்கிறது. அவன் கையிலுள்ள அறிவை அறிவென்று ஒப்புக்கொள்ளாததில் இருக்கிறது. ஆகவே நமக்குக் கடமைகள் இரண்டு. கருவி பிடித்தவர்க்கு அதை வேண்டும்போது கீழே வைக்கும் உரிமையைத் தேடித் தருவது ஒன்று. ஏடு பிடித்த நாம், அக்கருவியை ஒரு முறையேனும் கையிலெடுத்து, அதைப் பிடித்தவரிடமே பாடம் கேட்பது மற்றொன்று. முதலாவது பல பேர் கூடிச் செய்ய வேண்டியது. சங்கமும் சட்டமும் வேண்டும். இரண்டாவதற்கு ஒருவர் போதும். அதை இன்றே தொடங்கலாம்.

நம் தந்தையாரின் கத்தி, தேய்ந்து மெலிந்து, வீட்டில் ஒரு பெட்டியில் கிடக்கிறது. அவர் மூப்படைந்து இப்பொழுதுதான் அதைக் கீழே வைத்திருக்கிறார். அதை எப்படிப் பிடிப்பது என்று வரும் ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கேட்பதாக இருக்கிறோம். நம் பிள்ளைகளும் உடனிருந்து கேட்பார்கள்.